கரையும் பேப்பர், கரையாத பேப்பர்

இந்த எபிசோடை வழக்கமான அறையில் உட்கார்ந்து பதிவு பண்ணலை. ஊர்ல, எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசுறேன். ஊர்னா பேராவூரணி. பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவுல. பின்னணியில் சரசரன்னு ஒரு சத்தம் கேட்டா அது தென்னை ஓலை, மைக் கோளாறு இல்லை.

போன சனிக்கிழமை காலையில் எங்க வீட்டு செப்டிக் டேங்கைச் சுத்தம் பண்ண லாரி வந்தது. டாய்லெட்டில் தண்ணீர் இறங்காமல் ரெண்டு நாளாக அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். லாரியில் வந்தவர்கள் ரெண்டு பேர். மூடியைத் திறந்து, குழாயை உள்ளே விட்டு, பம்பை ஓட விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பம்பின் சத்தம் மாறிவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டது. வெளியே இழுத்துப் பார்த்தால் அதன் வாயில் ஒரு கொத்து, வெள்ளையாக, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு தொங்கியது. ரெண்டு பேரில் மூத்தவர் அதைக் குச்சியால் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ள துணி போட்டீங்களாம்மா?" என்றார்.

"துணியெல்லாம் போடலையே, பேப்பர்தான் போட்டோம்" என்றார் அம்மா.

அந்தப் பேப்பர் நான் அனுப்பியது. அப்பாயி போன வருஷம் விழுந்ததில் இருந்து படுக்கையில்தான். அம்மா ஒருத்தராகப் பார்த்துக்கொள்கிறாரே என்று மாசாமாசம் சென்னையில் இருந்து ஆன்லைனில் வெட் வைப்ஸ் ஆர்டர் போட்டுவிடுவேன். "துடைச்சுத் தூக்கிப் போட்டுடும்மா, துவைக்கவே வேண்டாம்"னு போனில் சொன்னதும் நான்தான். எங்கே தூக்கிப் போடணும்னு சொல்லலை. பாக்கெட்டின் பின்பக்கம், ஒட்டுகிற மடிப்புக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், டாய்லெட்டில் போடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் படிக்கலை.

குழாய் இனிமேல் இழுக்காது என்று தெரிந்ததும் அந்த மூத்தவர் சட்டையைக் கழற்றி மதில் மேல் போட்டார். லுங்கியை மடித்துக் கட்டினார். "இறங்கி அள்ளிப் போட்டுட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும் தம்பி. ஒரு ஐநூறு சேர்த்துக் குடுங்க."

"வேணாம்ணே, இறங்காதீங்க" என்றேன்.

"இதென்ன தம்பி, இதுக்கு முன்னாடி இறங்காத டேங்கா?" என்று சிரித்தார்.

கடைசியில் பக்கத்துத் தோப்பில் இருந்து தேங்காய் பறிக்கிற தொரட்டியை வாங்கி வந்தோம். வெளியே நின்றபடியே கொக்கியால் மாட்டி மாட்டி இழுத்தோம். மதியம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. மூணு சிமெண்டு சாக்கு நிறைந்தது. மாசக்கணக்கில் தண்ணீரில் கிடந்த பொருள். ஒன்றுகூடக் கிழியவில்லை. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதில் அழுத்தின பூ டிசைன்கூட அப்படியே இருந்தது.

இப்படி ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள்? எதற்காகச் செய்கிறார்கள்? இன்றைக்குப் பேசப்போவது அதைத்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் இந்தத் திண்ணையில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். வீட்டில் இருந்தால் நீங்களும் செய்யலாம். நாலு காலி தண்ணீர் பாட்டில், பாதி அளவு தண்ணீர். முதல் பாட்டிலில் என் பையில் இருந்த டாய்லெட் ரோலில் ஒரு துண்டு. ரெண்டாவதில் டீக்கடையில் வடையோடு கொடுத்த தினசரிப் பேப்பர் கிழிசல். மூணாவதில் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மிஞ்சிய நாப்கின், பொண்ணு மாப்பிள்ளை பெயர் அச்சடித்தது. நாலாவதில் அப்பாயியின் வெட் வைப். ஒவ்வொன்றையும் ஐம்பது தடவை குலுக்கினேன்.

டாய்லெட் பேப்பர் பத்துக் குலுக்கலுக்குள் அரிசிக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. தினசரி துண்டு துண்டாகி, தண்ணீர் சாம்பல் நிறத்துக்கு மாறியது. நாப்கின் ஊறிப்போச்சு, ஆனால் சதுரமாகவே நின்றது. பெயர்களில் இருந்த ரோஸ் நிறம் மட்டும் தண்ணீரில் இறங்கியது. வெட் வைப்? ஒண்ணுமே ஆகலை.

நாலையும் நாம் பேப்பர் என்றுதான் சொல்கிறோம். முதல் பாட்டிலில் இருந்து வருவோம்.

பேப்பரில் பசை கிடையாது. மரத்தில் இருந்தோ கரும்புச் சக்கையில் இருந்தோ எடுத்த செல்லுலோஸ் நாரைத் தண்ணீரில் கலக்கி, வலை மேல் ஊற்றி, வடித்துக் காய வைத்தால் பேப்பர். காயும்போது ஒரு நாரும் இன்னொரு நாரும் நெருங்கி, இடையில் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமான பிணைப்புகள்தான். கோடிக்கணக்கில் சேரும்போது தாளாக நிற்கிறது. ஆனால் தண்ணீர் மூலக்கூறுக்கும் அதே பிணைப்பு போடத் தெரியும். ஈரம் பட்டதும் அது நடுவில் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, நார்கள் பிரிந்துவிடுகின்றன. சாதாரணப் பேப்பர் நனைந்தால், காய்ந்திருந்தபோது இருந்த பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

டிஷ்யூவின் மென்மைக்குப் பின்னால் ஒரு மெஷின் இருக்கிறது. யாங்கி ட்ரையர் என்று பெயர். நீராவியால் சூடான ராட்சத இரும்பு உருளை. அதன் மேல் ஈரத்தாள் ஒட்டிக் காய்கிறது. காய்ந்ததும் ஒரு நீளமான கத்தி அதைச் சுரண்டி எடுக்கிறது. தோசைக்கல்லில் ஒட்டின தோசையைக் கரண்டியால் தள்ளினால் சுருங்கிக்கொண்டு வருமே, அதே மாதிரி. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுருக்கங்கள்தான் மென்மை, தண்ணீரை உறிஞ்சும் தன்மை எல்லாம். நல்ல டிஷ்யூவை மெல்ல இழுத்தால் கொஞ்சம் நீளும். சுருக்கம் விரிகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பொருள் முதலில் மூக்குத் துடைக்க வரவில்லை. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் கம்பெனி மரக்கூழில் இருந்து செல்லுகாட்டன் என்ற பொருளைச் செய்து, காயத்துக்கு வைத்துக் கட்டக் கொடுத்தது. போர்முனை நர்ஸ்கள் அதை மாதவிடாய்க்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்ததும் அந்த யோசனையில் இருந்தே 1920-இல் கோடெக்ஸ் நாப்கின் வந்தது. 1924-இல் க்ளீனெக்ஸ் வந்தது, முகத்தில் போட்ட க்ரீமைத் துடைப்பதற்காக. வாங்கினவர்கள் பாதிக்கு மேல் அதில் மூக்குச் சிந்துகிறார்கள் என்பது விளம்பரம் கொடுத்துக் கேட்டுப் பார்த்தபோதுதான் கம்பெனிக்கே தெரிந்தது. 1930 வாக்கில் விளம்பரத்தையே மாற்றிவிட்டார்கள்.

இதே கதையின் இன்னொரு முனை நம்ம கோயம்புத்தூரில் இருக்கு. அருணாசலம் முருகானந்தம் 1990-களின் கடைசியில் மனைவிக்காக சானிட்டரி நாப்கின் செய்யப் பார்த்தபோது முதலில் பஞ்சை வைத்துத்தான் முயன்றார். சரியாக வரவே இல்லை. கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பஞ்சு இல்லை, மரக்கூழ் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு வருஷக்கணக்கில் ஆனது. பிறகுதான் அந்தக் கூழ் அட்டையை உதிர்த்து, அழுத்தி, நாப்கினாக்கும் சின்ன மெஷின்களைச் செய்தார். 2016-இல் பத்மஸ்ரீ. பஞ்சு மாதிரி இருக்கும் மரக்கூழைப் பஞ்சு என்று அவர் முதலில் நினைத்தார். பேப்பர் மாதிரி இருப்பதைப் பேப்பர் என்று நாங்கள் நினைத்தோம். அவர் பிரித்துப் பார்த்தார் என்பதுதான் வித்தியாசம்.

ரெண்டாவது பாட்டில், டீக்கடை பேப்பர். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் அச்சடித்த டிஷ்யூ பேப்பர் அதுதான். கம்பியில் குத்தித் தொங்கவிட்ட கால்வாசித் தினசரி. வடையைப் பிழிந்து எண்ணெய் எடுக்கவும் அதுவே, விரல் துடைக்கவும் அதுவே, வடை வருவதற்குள் படிக்கவும் அதுவே. கதையின் முக்கியமான கட்டத்தில் கிழித்திருப்பார்கள், அது ஒன்றுதான் குறை.

இந்தத் தாள் விஷயத்தில் நாம பெருமைப்பட ஒரு காரணமும் இருக்கு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், டிஎன்பிஎல், 1979-இல் தொடங்கி 1984-இல் உற்பத்திக்கு வந்தது. சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துச் செய்தித்தாள் காகிதம் செய்த ஆலை. சக்கையை வாங்கிக்கொண்டு, ஆலைகள் அதை எரித்து எடுத்துக்கொண்டிருந்த நீராவிக்கு மாற்று ஏற்பாடும் செய்துகொடுத்தது.

ஆனால் தாள் நல்லதாக இருந்தாலும் மை விஷயம் வேறு. தினசரியில் அடிக்கும் மை நாம் நினைக்கிற மாதிரி காய்வதில்லை. எண்ணெயில் கலந்த கரி. எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்கிறது, கரி மேலே உட்கார்ந்துவிடுகிறது. காலையில் பேப்பர் படித்தால் விரல் கறுப்பாவது அதனால்தான். அதன் மேல் சூடான எண்ணெய் வடியும் பஜ்ஜியை வைத்தால் என்ன ஆகும்? மை இன்னொரு எண்ணெயில் திரும்பக் கலந்துவிடும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 டிசம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. 2018-இல் கொண்டுவந்த பேக்கேஜிங் விதிகளில் உணவைச் செய்தித்தாளில் மடிக்கவும் வைக்கவும் கூடாது என்றே சொல்லிவிட்டது. 2023-இல் மறுபடியும் நினைவுபடுத்தினார்கள். எங்க ஊர் டீக்கடைக் கம்பி இன்னும் காலியாகலை.

மூணாவது, கல்யாண நாப்கின். நனைந்தும் சதுரமாக நின்றதே, அதற்குப் பெயர் ஈரவலு. கை துடைக்கும் பேப்பர் ஈரக்கையிலேயே கரைந்துபோனால் என்ன பிரயோஜனம்? அதனால் கூழிலேயே ஒரு ரெசினைக் கலக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெர்குலிஸ் கம்பெனியின் வேதியியலாளர் ஜெரால்டு கெய்ம் கண்டுபிடித்து, 1960-இல் காப்புரிமை வாங்கிய ரெசின் வகைதான் இன்றைக்கும் பெரும்பாலும் ஓடுகிறது. பாலிஅமைடு எபிகுளோரோஹைட்ரின். பெயரை மறந்துடுங்க, வேலையை மட்டும் ஞாபகம் வைங்க: நாருக்கும் நாருக்கும் நடுவில் தண்ணீரால் அவிழ்க்க முடியாத முடிச்சுகளைப் போடுகிறது. டாய்லெட் பேப்பரில் இதை வேண்டுமென்றே போட மாட்டார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு ரோல்களில் ஒன்று கரைவதும் ஒன்று கரையாததும் இதனால்தான். கிச்சன் டவலை டாய்லெட்டில் போடாதீங்க.

டிஷ்யூவில் பெயர் போடும் ஆசை கல்யாண வீட்டுக்கு மட்டும் உரியது இல்லை. 1857-இல் நியூயார்க்கில் ஜோசப் கயட்டி என்பவர் டாய்லெட் பேப்பரைப் பாக்கெட் போட்டு விற்றார். ஒவ்வொரு தாளிலும் தன் பெயரை வாட்டர்மார்க்காகப் பதித்திருந்தார். அந்த இடத்தில் தன் பெயர் வேண்டும் என்று நினைத்த மனிதர்! [சிரிப்பு] ஜப்பானில் 1960-களின் கடைசியில் ஹிரோஷி மோரி என்பவர் டிஷ்யூவைச் சட்டைப்பையில் வைக்கிற மாதிரி சின்னதாக மடித்து உறையிலிடும் மெஷினை உருவாக்கினார். அதுவரை வங்கிகள் விளம்பரத்துக்குத் தீப்பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலாக டிஷ்யூ கொடுக்க ஆரம்பித்தன. இன்றைக்கும் டோக்கியோ ஸ்டேஷன் வாசல்களில் விளம்பரம் வைத்த டிஷ்யூ பாக்கெட்டை இலவசமாகக் கையில் திணிப்பார்கள். கவனிச்சீங்களா, அச்சு உறையில், தாளில் இல்லை. டிஷ்யூ மேலேயே அச்சடிப்பதென்றால் வளையும் ரப்பர் மாதிரித் தகடு வேண்டும், மை சீக்கிரம் காய வேண்டும், நனைந்தாலும் வாயிலும் கையிலும் ஒட்டக் கூடாது. என் பாட்டிலில் ரோஸ் நிறம் இறங்கியதென்றால் இதில் ஏதோ ஒன்று தப்பு. எங்கே அடித்தது என்று சொல்ல மாட்டேன், சித்தப்பா இந்த எபிசோடைக் கேட்பார்.

இப்போ நாலாவது பாட்டில்.

1957-இல் ஆர்தர் ஜூலியஸ் என்ற நியூயார்க்காரர், அழகுசாதனத் துறையில் வேலை பார்த்தவர், சூப்பை அளந்து ஊற்றும் பழைய மெஷினை மாற்றியமைத்து, ஈரத்தாளைப் பாக்கெட்டில் அடைக்கப் பழக்கினார். வெட்நாப் என்று பெயர் வைத்தார். 1963-இல் கேஎஃப்சி அதைச் சிக்கனோடு கொடுக்க ஆரம்பித்தது. வெட் வைப் உலகம் அங்கே பிறந்தது.

அதன் அடிப்படைச் சிக்கலை யோசிச்சுப் பாருங்க. காய்ந்த டிஷ்யூ நனைந்த பிறகு ஒரு நிமிஷம் தாங்கினால் போதும். இதுவோ பாக்கெட்டுக்குள் ஈரத்திலேயே ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கிடக்கணும், பிறகும் கிழியாமல் துடைக்கணும். ஹைட்ரஜன் பிணைப்பை நம்பினால் பாக்கெட்டைத் திறக்கும்போது கஞ்சிதான் இருக்கும். அதனால் பேப்பர் என்ற வழியையே விட்டுவிட்டார்கள். பாலியெஸ்டர் நாரையும் விஸ்கோஸ் நாரையும் மெத்தை மாதிரிப் பரப்பி, மேலே இருந்து ஊசி போன்ற நீர்த்தாரைகளை மிக அதிக அழுத்தத்தில் அடிக்கிறார்கள். நார்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நெசவு கிடையாது, தையல் கிடையாது, பசை கிடையாது. ஸ்பன்லேஸ் என்று பெயர். நிஜமாகவே அழகான இன்ஜினியரிங். ஆனால் கிடைப்பது துணி. லாரிக்காரர் குச்சியால் பிரித்துப் பார்த்த உடனே சரியாகச் சொன்னார், பி.இ. படித்த எனக்குத்தான் தெரியலை.

செப்டிக் டேங்க் ஒரு மெதுவான வயிறு. பாக்டீரியா தின்னக் கூடியதைத் தின்று, மிச்சத்தை அடியில் படியவிடும். பாலியெஸ்டரை அது தொடாது. அங்கே தண்ணீர் அசையும்போதெல்லாம் வைப்ஸ் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும். லண்டனில் 2017-இல் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடைக்குள் கொழுப்பும் வைப்ஸும் சேர்ந்து இறுகி 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரே கட்டியாக நின்றது. உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. அங்கே பாதுகாப்பு உடையும் உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயும் இருந்தன.

ஃப்ளஷ் பண்ணக்கூடிய வைப்ஸும் இருக்கேன்னு நீங்க கேட்கலாம். அதில் ஒரு கண்டுபிடிப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. நார்களைப் பிடித்து வைக்கும் ஒரு பாலிமர். உப்புக் கரைசலில் அது இறுகி நிற்கும், வெறும் தண்ணீரில் கரைந்துவிடும். பாக்கெட்டுக்குள் இருக்கும் திரவத்தில் உப்பு கலந்திருப்பார்கள், அதனால் அங்கே கிழியாது. ஃப்ளஷ் பண்ணினதும் உப்பு நீர்த்துப்போகும், வைப் தானாகக் கலைந்துவிடும். என்ன மூளை! ஆனால் ஆரம்பத்தில் வந்த பாலிமர்கள் கால்சியம் நிறைந்த கடின நீரைப் பார்த்ததும், இதுவும் உப்புத் தண்ணீர்தான் போல என்று கரையாமல் நின்றுவிட்டன. அதைச் சரிசெய்வதற்கென்றே பிறகு தனிக் காப்புரிமைகள் வந்தன. எங்க வீட்டு போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. இந்தக் கண்டுபிடிப்பைச் சோதித்த லேப் தண்ணீரும் எங்க தண்ணீரும் ஒண்ணு இல்லை. எவ்வளவு நேரத்தில் கலைந்தால் ஃப்ளஷ் பண்ணலாம் என்பதிலேயே வைப்ஸ் தயாரிப்பாளர்களின் விதி வேறு, கழிவுநீர்த் துறையினரின் விதி வேறு. ரெண்டு தரப்பும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஆட்டித்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் ஆட்டணும் என்பதில்தான் சண்டை.

அந்த ஐநூறு ரூபாய்க்கு வருவோம். 

மூடியிருக்கும் டேங்கில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அதிகமானால் முதலில் மூக்கின் உணர்வைக் கொன்றுவிடும். நாற்றம் போச்சே, இறங்கலாம் என்று தோன்றும் நேரம்தான் ஆபத்து. இறங்கினவர் மயங்குவார், தூக்கப் போனவரும் மயங்குவார். இப்படிச் செத்தவர்களின் கணக்கில் நாட்டிலேயே மேல் வரிசையில் இருக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2013-இல் வந்த சட்டப்படி ஒருவரைப் பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் இறக்கக் கூடாது. முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். நகராட்சிக்கு மட்டும் இல்லை, தனிநபருக்கும் பொருந்தும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அன்றைக்கு நான் சரின்னு தலையாட்டியிருந்தால், ஏதாவது ஆகியிருந்தால், குற்றவாளி நான்தான்.

மெஷின் இல்லையா என்றால், இருக்கு. கேரளாவின் ஜென்ரோபாட்டிக்ஸ் குழு செய்த பேண்டிகூட் ரோபோ 2018-இலேயே நம்ம கும்பகோணத்துக்கு வந்தது, பாதாளச் சாக்கடை மேன்ஹோலுக்காக. செப்டிக் டேங்குக்காகச் சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு ஹோமோசெப் என்ற மெஷினைச் செய்தது. டேங்கின் வாய் சின்னது, வயிறு பெரிசு. அதனால் தலைகீழாகப் பிடித்த குடை மாதிரி, மடங்கின நிலையில் வாய் வழியாக இறங்கி, உள்ளே போனதும் விரியும் கத்திகள். இறுகின கசடைக் கடைந்து கூழாக்கினால் குழாய் உறிஞ்சிவிடும். 2022-இல் தமிழ்நாட்டில் களத்துக்கு வந்தது. ஆனால் எங்க தெருவுக்கு வருவது லாரியும் ரெண்டு மனிதர்களும்தான்.

"சம்பளம் பேசும்போது டேங்குக்கு இவ்வளவுன்னுதான் பேசுவாங்க தம்பி, நேரத்துக்கு இல்ல" என்று சாப்பிடும்போது அந்த அண்ணன் சொன்னார். தொரட்டியால் அரை நாள் இழுத்ததில் அவருக்கு அன்றைக்கு அடுத்த வீட்டு வேலை போச்சு. அந்தக் காசையும் சேர்த்துக் கொடுத்தேன். சரியான கணக்கா என்று எனக்கே தெரியலை.

இப்போ அப்பாயி கட்டிலுக்குக் கீழே மூடி போட்ட வாளி ஒன்று இருக்கு. ராத்திரிக்கும் வெளியூர் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் மட்டும் வைப்ஸ்; அது வாளிக்குப் போகும். பகலில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள், வெந்நீரில் அலசி வெயிலில் காயும். அம்மாவுக்கு வேலை கூடியிருக்கு, மறைக்கலை. உதவிக்குக் காலையில் ரெண்டு மணி நேரம் ஒரு அக்கா வர ஏற்பாடு பண்ணியிருக்கேன். வைப்ஸுக்குச் செலவழித்ததைவிட அதிகம்தான் ஆகுது.

நாலு பாட்டிலும் இதோ இந்தத் திண்ணை ஓரத்தில் வரிசையாக நிற்குது. இன்னைக்கு ஒன்பதாவது நாள். முதல் பாட்டில் பால் தெளிந்த மாதிரி ஆகி, அடியில் மாவு படிஞ்சிருக்கு. "கொசு வரும், எல்லாத்தையும் ஊத்திடவா?"ன்னு அம்மா காலையில கேட்டாங்க. மூணை ஊற்றச் சொல்லிட்டேன். நாலாவதை மூடி இறுக்கி சென்னைக்கு எடுத்துட்டுப் போறேன், ஆபீஸ் டேபிள்ல வைக்க.